அத்வைதப் பாதை: எது முதலில், எது அப்புறம்? உபநிஷத்துகள் காட்டும் வரிசை

அத்வைதம் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். 'நானே பிரம்மம்' என்ற வாக்கியம் முதல் நாளே மனப்பாடம் ஆகிவிடுகிறது. மூன்று மாதம் கழித்து, "எல்லாம் புரிகிற மாதிரி இருக்கிறது, ஆனால் ஒன்றும் மாறவில்லையே" என்று கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதே இடத்தில்தான் நின்றேன். பிறகு ஒரு சிறு குழுவோடு சேர்ந்து முதலிலிருந்து படித்தபோதுதான், தாண்டிக் குதித்த படிகள் எவை என்று தெரிந்தது.

பிரம்ம சூத்திரத்தின் முதல் சூத்திரம் 'அதாதோ பிரம்ம ஜிஜ்ஞாஸா'. அதில் முதல் சொல் 'அத'. 'அதற்குப் பிறகு' என்று பொருள். எதற்குப் பிறகு? சங்கரர் தம் உரையில் அந்தச் சொல்லிலேயே நின்று பதில் சொல்கிறார்: நான்கு தகுதிகள் வந்த பிறகு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதே உபநிஷத்துகளை ராமானுஜர் ஒரு விதமாகவும் மத்வர் வேறு விதமாகவும் படிக்கிறார்கள். சைவ சித்தாந்தமும் 'அத்துவிதம்' என்ற சொல்லையே ஆள்கிறது, ஆனால் பொருள் வேறு. இங்கே சொல்வது சங்கரர் வழியில் வரும் வாசிப்பு. தொடக்கத்திலேயே நான்கையும் கலந்து படித்தால் எதுவும் நிற்காது.

1. தொடங்கும் முன் என்ன வேண்டும்

தினமும் அரை மணி நேரம், முடிந்தவரை ஒரே வேளையில். ஒரு நோட்டுப் புத்தகம். பதவுரை உள்ள ஒரு மூல நூல். சமஸ்கிருதப் புலமை தேவையில்லை, ஐம்பது சொற்கள் தெரிந்தால் போதும்.

அப்புறம் ஆசிரியர். முண்டக உபநிஷத் (1.2.12) அவருக்கு இரண்டு அடையாளம் சொல்கிறது: ஸ்ரோத்ரியர், பிரம்மநிஷ்டர். மரபாக நூலைக் கற்றவர் என்பது முதலாவது. கற்றதில் நிலைத்தவர் என்பது இரண்டாவது. முதலாவது மட்டும் இருந்தால் சொல் கிடைக்கும், அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. இரண்டாவது மட்டும் இருந்தால் அவரிடம் விஷயம் இருக்கும், அதை நமக்கு எடுத்துக் கொடுக்கும் முறை இருக்காது.

நேரில் ஆசிரியர் அமையவில்லையா? ஒரே ஆசிரியரின் பதிவு செய்த வகுப்புகளை, ஒரு நூலின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேளுங்கள். இவரிடம் பத்து நிமிடம், அவரிடம் பத்து நிமிடம் என்று கேட்பதுதான் இப்போது நான் அதிகம் பார்க்கும் தவறு. ஒருவர் 'மனம்' என்று சொல்லும்போது முழு அந்தக்கரணத்தையும், அதாவது நினைக்கும், முடிவு செய்யும் உள்கருவி முழுவதையும், குறிப்பார். இன்னொருவர் சந்தேகப்படும் ஒரு செயலை மட்டும் குறிப்பார். இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு கேட்பவர் குழம்பிவிடுவார்.

2. சில சொற்களை முதலிலேயே சரிசெய்து கொள்ளுங்கள்

தமிழர்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை உண்டு. வேதாந்தச் சொற்கள் பல தமிழில் வேறு பொருளில் புழங்குகின்றன. 'சமாதானம்' என்றதும் சண்டைக்குப் பிறகு வருவது நினைவுக்கு வரும். இங்கே அது மனம் ஓரிடத்தில் நிற்பது. 'சிரத்தை' என்பது நமக்குக் கவனம். இங்கே குருவின் சொல்லிலும் சாஸ்திரத்திலும் உள்ள நம்பிக்கை. 'சமம்' என்பது சரிசமம் அல்ல, மனத்தை அடக்குதல்.

இவற்றையெல்லாம் விட அதிகம் தடுக்கி விழ வைப்பது 'மித்யை'. இதை 'பொய்' என்று எழுதிக்கொண்ட நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதிக்கொண்டால் அடுத்த கேள்வி, "உலகம் பொய் என்றால் காலில் முள் குத்தினால் ஏன் வலிக்கிறது?" என்று வந்து நிற்கும்.

சாந்தோக்கிய உபநிஷத் (6.1.4) சொல்லும் மண் உதாரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மண் குடத்தைக் கையில் தூக்கிப் பாருங்கள். கையில் தெரியும் எடை யாருடையது? முழுவதும் மண்ணுடையது. தொட்டால் படும் சொரசொரப்பும் மண்ணுடையது. மண்ணை எடுத்துவிட்டால் குடம் என்று தனியாக மிஞ்சுவது கால் பலம்கூட இல்லை. அதற்காகக் குடம் பொய்யா? அதில் தண்ணீர் நிற்கிறதே. குடம் இருக்கிறது, ஆனால் அதன் இருப்பு மண்ணிடம் வாங்கிய கடன். தனக்கென்று இருப்பில்லாமல் தோன்றுவதுதான் மித்யை. இந்த ஒரு சொல் சரியானால் பின்னால் வரும் பாதிச் சந்தேகங்கள் பிறக்கவே பிறக்காது.

3. மனத்தைப் பக்குவப்படுத்துதல்

மனத்தில் மூன்று குறைகள் உண்டு என்பது மரபு: மலம், விக்ஷேபம், ஆவரணம். அழுக்கு, ஆட்டம், மறைப்பு. அழுக்குக்குக் கர்ம யோகம், ஆட்டத்துக்கு உபாசனை, மறைப்புக்கு ஞானம். அழுக்கோடு ஆடிக்கொண்டிருக்கும் கண்ணாடியின் திரையை மட்டும் விலக்கினால் முகம் எங்கே தெரியும்? மூன்றாவது மருந்தை முதலில் சாப்பிட்டால் ஒன்றும் மாறாததற்குக் காரணம் இதுதான்.

கர்ம யோகத்தைக் கொள்கையாக வைத்துக்கொள்ளாமல் ஒரு வேலையில் செய்து பாருங்கள். தினமும் எப்படியும் செய்தாக வேண்டிய ஒன்று: வீட்டில் வயதானவருக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது என்று வையுங்கள். தொடங்கும் முன் அதை ஈசுவரனுக்கு அர்ப்பணம் என்று ஒரு கணம் நினையுங்கள். செய்யும்போது சரியாகச் செய்யுங்கள். முடிந்ததும் வருவதைப் பிரசாதமாக எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி வந்தாலும் சரி, "ஏன் இவ்வளவு நேரம்?" என்ற அதட்டல் வந்தாலும் சரி. கீதை 2.47 கேட்பது இதைத்தான். பலனில் அக்கறை இல்லாமல் ஏனோதானோ என்று செய்யச் சொல்லவில்லை. பலன் உன் கையில் இல்லை என்கிறது, அவ்வளவுதான்.

அந்த அதட்டல் உங்களுக்குள் எவ்வளவு நேரம் உறுத்தியது என்று இரவில் நோட்டில் எழுதுங்கள். அரை நாளா, ஒரு மணி நேரமா? இந்தக் கணக்கு பின்னால் உதவும்.

உபாசனைக்கு ஜபமோ இஷ்ட தெய்வத் தியானமோ போதும். "அத்வைதத்துக்கு வந்த பிறகு பக்தி எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. சுவேதாசுவதர உபநிஷத் முடியும் இடத்தில் (6.23), தெய்வத்திடமும் அதைப் போலவே குருவிடமும் பரம பக்தி உள்ளவனுக்கே இந்தப் பொருள் விளங்கும் என்கிறது. பக்தியை விட்டுவிட்டு வந்த பலரிடம் வறட்டு வாதம்தான் வளர்ந்திருக்கிறது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 'சித்த சுத்தி (மனத் தூய்மை) முழுசாக வரட்டும், அப்புறம் படிக்கலாம்' என்று இருபது வருடம் தள்ளிப் போடுவது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கலாம்.

4. நான்கு தகுதிகள்

விவேகம்: நிலையானது எது, நிலையற்றது எது என்று பிரித்தறிவது. வைராக்கியம்: நிலையற்றதில் பற்று விடுவது. சமாதி ஷட்கம் (சமம் + ஆதி, 'சமம் முதலான ஆறு'; தியான சமாதி அல்ல): சமம், தமம் (புலனடக்கம்), உபரதி (ஒதுங்கி நிற்றல்), திதிக்ஷை (பொறுத்தல்), சிரத்தை, சமாதானம் என்ற ஆறு. இவற்றில் ஐந்துக்கு பிருஹதாரண்யகத்தில் (4.4.23) நேரடி வேர் இருக்கிறது. நான்காவது முமுக்ஷுத்துவம்: விடுதலை வேண்டும் என்ற தவிப்பு. ஒன்று அடுத்ததைப் பெறும் வரிசை இது. விவேகம் இல்லாமல் வரும் வைராக்கியம் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஒரு நல்ல செய்தி வந்தால் போய்விடும்.

வைராக்கியத்தை வெறுப்பு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. கடோபநிஷத்தில் மரணத்தின் ரகசியத்தைக் கேட்ட சிறுவன் நசிகேதனுக்கு, அந்தக் கேள்வியை விட்டுவிடச் சொல்லி யமன் என்னவெல்லாம் தருகிறான் பாருங்கள்: நூறாண்டு வாழும் பிள்ளைகள், யானைகள், பொன், தேர்கள், பாடுகிற பெண்கள். நசிகேதன் முகம் சுளிக்கவில்லை, அவற்றைத் திட்டவும் இல்லை. 'இவை நாளைக்கு இருக்குமா என்று தெரியாதவை, இந்திரியங்களின் வேகத்தைத் தேய்ப்பவை, நீயே வைத்துக்கொள்' என்கிறான். கணக்குப் பார்த்துச் சொன்ன பதில் அது. வீட்டாரோடு எரிந்து விழுந்துகொண்டு அதற்கு வைராக்கியம் என்று பெயர் வைத்தால், விவேகத்திலேயே இன்னும் கால் ஊன்றவில்லை.

5. சிரவணம்: எந்த நூல், எந்த வரிசை

தம் மனைவி மைத்ரேயிக்கு யாக்ஞவல்கிய முனிவர் சொன்னது: ஆத்மாவைக் காண வேண்டும், அதற்குக் கேட்க வேண்டும், சிந்திக்க வேண்டும், ஆழ்ந்து நிலைக்க வேண்டும் (பிருஹதாரண்யகம் 2.4.5). சிரவணம், மனனம், நிதித்யாசனம் என்ற மூன்றும் இங்கிருந்துதான் வருகின்றன.

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் தத்துவ போதம். சிறியது, சொற்களை விளக்கும். அடுத்து பகவத் கீதை முழுவதும், 700 சுலோகமும். நடுவில் விடாதீர்கள், குறிப்பாக 13ஆம் அத்தியாயத்தை. அப்புறம் கடம், கேனம், முண்டகம் ஆகிய உபநிஷத்துகள். பிறகு தைத்திரீயம். அதற்குப் பின் சாந்தோக்கியத்தின் ஆறாவது அத்தியாயம், மாண்டூக்கியம் (அதை விளக்கும் கௌடபாதரின் செய்யுள் நூலான காரிகையோடு), பிருஹதாரண்யகம். பிரம்ம சூத்திரம் கடைசியில்.

தமிழிலேயே தொடங்க விரும்பினால் தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் இருக்கிறது. முதல் படலம் தத்துவத்தை விளக்கும். இரண்டாவது படலம் சந்தேகங்களைத் தீர்க்கும். சீடன் கேட்கும் கேள்விகள் நாம் கேட்பவைதான்.

பன்னிரண்டே மந்திரம் என்பதால் மாண்டூக்கியத்தில் தொடங்குகிறார்கள். 'முமுக்ஷுக்களுக்கு மாண்டூக்கியம் ஒன்றே போதும்' என்று முக்திகோபநிஷத் சொல்வதையும் காட்டுவார்கள். அதே இடத்தில் அடுத்து வருவதை யாரும் சொல்வதில்லை: அதனால் ஞானம் வராவிட்டால் பத்து உபநிஷத்துகளைப் படி. சிறியது என்றால் எளியது என்று அர்த்தமில்லை.

சிரவணம் என்பது காதில் விழுவது மட்டும் அல்ல. ஒரு பகுதியின் கருத்து எது என்று முடிவு செய்ய ஆறு அடையாளங்கள் உண்டு. சாந்தோக்கியம் ஆறில் வைத்துப் பார்ப்போம். தொடக்கம்: 'இரண்டற்ற ஒன்றான சத்தே முதலில் இருந்தது', முடிவு: 'இவை எல்லாம் அதையே ஆத்மாவாகக் கொண்டவை'. இரண்டும் ஒத்துப்போகின்றன, சேர்ந்து ஒரே அடையாளம். திரும்பச் சொல்லல்: 'தத் த்வம் அஸி' ('அது நீயே') ஒன்பது முறை. புதுமை: வேறு எந்த வழியாலும் அறிய முடியாத செய்தி. பலன்: குருவை அடைந்தவனுக்குக் கிட்டும் விடுதலை. புகழ்ச்சி: எதை அறிந்தால் கேளாதது கேட்டதாகுமோ அது. யுக்தி: மண், பொன், இரும்பு. பன்னிரண்டு வருடம் வேதம் படித்து இறுமாப்போடு திரும்பிய சுவேதகேதுவுக்கு அப்பா உத்தாலகர் சொன்ன பாடம் இது. தனி வாக்கியத்தை உருவி எடுத்து என்ன பொருளும் சொல்லலாம். ஆறையும் சேர்த்து வைத்தால் அப்படி இழுக்க முடியாது.

6. 'நான்' என்பதைப் பிரித்துப் பார்த்தல்

முழுப் பாதையிலும் பொறுமை அதிகம் தேவைப்படும் இடம் இது.

உட்காருங்கள். எதிரே ஒரு பொருள். கண் பார்க்கிறது, பொருள் பார்க்கப்படுகிறது. கண் மங்கலாக இருந்தால் அது மனத்துக்குத் தெரிகிறது. அப்போது கண்ணும் பார்க்கப்படும் பொருள்தான். மனம் சலிக்கிறது, 'எப்போது முடியும்' என்கிறது. அந்தச் சலிப்பும் தெரிகிறது. எதற்குத் தெரிகிறதோ அது சாட்சி.

இந்த இடத்தில் தவறாமல் ஒருவர் கேட்பார்: "அந்தச் சாட்சியைப் பார்க்க முடியவில்லையே?" இன்னொருவர், "புருவ மத்தியில் ஒரு ஒளி தெரிந்தது, அதுதானா?" என்பார். ஒளி தெரிந்தது என்றால் அது காட்சி. அதைக் கண்டவர் யார்? 'பார்வையைப் பார்ப்பவனை உன்னால் பார்க்க முடியாது' என்று யாக்ஞவல்கியர் (பிருஹதாரண்யகம் 3.4.2) சொல்லியாகிவிட்டது. தேடுவதை நிறுத்தினால் போதும், தேடுகிறவர்தான் அது.

அடுத்து ஐந்து கோசங்கள், அதாவது ஆத்மாவை மறைக்கும் உறைகள். தைத்திரீயத்தில் பிருகு தன் தந்தை வருணனிடம் போய்ப் போய்த் திரும்புகிறான். அன்னம்தான் பிரம்மம் என்று கண்டு வருகிறான். மறுபடி தவம். பிராணன், மனம், விஞ்ஞானம் என்று ஒவ்வொன்றாக, ஆனந்தம் வரை. திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் தந்தை 'தப்பு' என்று சொல்வதில்லை, 'தவத்தால் இன்னும் அறி' என்கிறார். இதில் அவசரப்படுகிறவர்கள் ஆனந்தமய கோசத்தில் தங்கிவிடுகிறார்கள். தியானத்தில் வரும் இனிமை வந்து போகிறது. வந்து போவது ஆத்மா அல்ல.

விழிப்பு, கனவு, ஆழ்ந்த தூக்கம் என்ற மூன்று நிலைகளும் அப்படியே. காலையில் எழுந்து, "நன்றாகத் தூங்கினேன், ஒன்றுமே தெரியவில்லை" என்கிறோம். ஒன்றும் தெரியாததைச் சொல்ல ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும் அல்லவா?

ஆனால் இங்கேயே நின்றுவிடாதீர்கள். சாட்சி ஒரு பக்கம், உலகம் மறுபக்கம் என்றால் இன்னும் இரண்டுதான். இது சாங்கியம், அத்வைதம் அல்ல. 'நான் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று எல்லாவற்றிலிருந்தும் விலகி இறுகிப்போனவர்களைப் பார்த்தால் அவர்கள் நிற்கும் படி இதுதான்.

7. தத், த்வம், அஸி

ஆறாவது படியில் செய்தது 'த்வம்' என்ற சொல்லைத் துடைத்தது. 'தத்' என்ற சொல்லையும் துடைக்க வேண்டும். உலகுக்குக் காரணமான ஈசுவரன் சர்வக்ஞன் (எல்லாம் அறிந்தவன்), எனக்கோ நேற்று வைத்த சாவி எங்கே என்று தெரியாது. இந்த இருவரும் எப்படி ஒன்று?

மரபு தரும் உதாரணம்: 'அந்தத் தேவதத்தன்தான் இவன்'. அன்று வேறோர் ஊரில் இளைஞனாகப் பார்த்த ஆள், இன்று நரைத்த தலையோடு எதிரே நிற்கிறான். அந்தக் காலம், அந்த இடம், இந்தக் காலம், இந்த இடம் ஆகியவற்றை விட்டுவிட்டு ஆளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதுபோல ஈசுவரனின் மாயை என்ற உபாதியையும் (மேலே ஒட்டியிருக்கும் அடையாளத்தையும்), ஜீவனின் உடல் மனம் என்ற உபாதியையும் விட்டால் மிஞ்சும் சைதன்யம், அதாவது அறிவுணர்வு, ஒன்றே. இதற்குப் பெயர் பாகத்யாக லக்ஷணை.

விட வேண்டியதை விடாமல் சமன்பாட்டைப் போட்டால் அகங்காரம்தான் பிரம்மமாகும். 'நான் கடவுள்' என்று சட்டை போட்ட ஆள் சொல்வது அதுதான். வரிசை மாறினால் வரும் ஆபத்துகளில் இது பெரியது.

சொல்லைக் கேட்பதால் மட்டும் அனுபவம் எப்படி வரும் என்ற கேள்விக்குப் பத்தாமவன் கதை. ஆற்றைக் கடந்த பத்துப் பேரில் ஒருவன் எண்ணுகிறான், ஒன்பதுதான் வருகிறது. தன்னை விட்டுவிட்டான். 'பத்தாவது ஆள் நீதான்' என்றதும் முடிந்தது. அவன் போய்த் தேட வேண்டிய ஆள் யாரும் இல்லை.

8. மனனம்

சந்தேகங்களை எழுதுங்கள். எழுதாத சந்தேகம் தீர்ந்த மாதிரி இருக்கும், ஒரு வாரத்தில் வேறு வேஷத்தில் வரும்.

"எல்லாம் ஒரே ஆத்மா என்றால் என் பசி உங்களுக்கு ஏன் தெரியவில்லை?" பசி தெரிவது மனத்தில். மனங்கள் பல. ஒரு குடத்துக்குள் இருக்கும் புகை இன்னொரு குடத்துக்குள் தெரியாது, இரண்டிலும் உள்ள வெளி (ஆகாயம்) ஒன்றாக இருந்தாலும்.

"உலகம் மித்யை என்றால் கடனைத் திருப்பித் தர வேண்டுமா?" இது விளையாட்டாகக் கேட்பது போல் இருக்கும், கேட்பவர் உள்ளூர நிஜமாகவே கேட்கிறார். தர வேண்டும். கடன் வியாவஹாரிகம் (நடைமுறைத் தளம்), வாங்கியவரும் வியாவஹாரிகம். பாரமார்த்திகத்தில் (முடிவான உண்மைத் தளத்தில்) கடனும் இல்லை, வாங்கியதும் இல்லை. வாங்கியதை ஒரு தளத்தில் வைத்து, திருப்பித் தருவதை இன்னொரு தளத்துக்கு மாற்றக் கூடாது. மனனத்தில் வரும் குழப்பங்களில் பாதி இந்தத் தளமாற்றம்தான்.

9. நிதித்யாசனம்

சந்தேகம் போன பிறகும் பழைய வாசனை (மனத்தில் படிந்த பதிவு) போவதில்லை. 'நான் இந்த உடல்' என்பது பல காலத்துப் பழக்கம். அதற்குத்தான் இது. புதிதாக எதையும் அடைய அல்ல. கீதை 6.25 சொல்லும் சொல் 'சனை: சனை:', மெல்ல மெல்ல.

தடைகள் நான்கு. லயம்: தூங்கி விழுவது. எழுப்புங்கள், உணவையும் தூக்கத்தையும் கீதை 6.16, 17 சொல்வதுபோல் அளவுபடுத்துங்கள். விக்ஷேபம்: மனம் ஓடுவது. சலிக்காமல் திருப்பிக் கொண்டு வாருங்கள். கஷாயம்: தூக்கமும் இல்லை, ஓட்டமும் இல்லை, ஆனாலும் மனம் கட்டையாக நிற்பது, அடியில் ஏதோ ஆசை மறைந்திருக்கிறது. அதை இன்னதென்று கண்டுகொள்ளுங்கள். ரஸாஸ்வாதம்: வந்த இன்பத்தைச் சப்புக்கொட்டிக்கொண்டு உட்காருவது. இனிமையாக இருப்பதால் இதைத் தடை என்று யாரும் நம்புவதில்லை. நாளைக்கு அதே இனிமை வராதபோது அழுகை வரும்.

இது கண்ணை மூடி உட்காரும்போது மட்டும் நடப்பதும் அல்ல. பேச்சின் நடுவே, கோபம் ஏறும்போது, 'இதுவும் தெரிகிறது' என்று ஒரு கணம் நிற்பதும் நிதித்யாசனமே.

10. சிக்கினால் எந்தப் படிக்குத் திரும்புவது

கீதை இரண்டாம் அத்தியாயத்தில் ஸ்திதப்பிரக்ஞனின் (அறிவு நிலைத்தவனின்) அடையாளங்களை அர்ஜுனன் கேட்கிறான் (2.54). ஞானியின் அந்த அடையாளங்களே சாதகனுக்குச் சாதனைகள் என்கிறார் சங்கரர். அவற்றை வைத்து அடுத்தவரை அளக்காதீர்கள், உங்கள் நோட்டை எடுங்கள்.

வாதத்தில் ஜெயிக்க ஆசை வருகிறது, உறுத்தல் மட்டும் குறையவில்லை என்றால் மூன்றாவது படி. படிக்கும்போது தெளிவு, மறுநாள் சந்தேகம் என்றால் எட்டாவது. சந்தேகமே இல்லை, ஆனால் கோபம் பழையபடி வருகிறது என்றால் ஒன்பதாவது. எல்லோரிடமிருந்தும் விலகிப்போகத் தோன்றினால் ஆறாவதில் தங்கிவிட்டீர்கள், ஏழாவதைத் திரும்பக் கேளுங்கள். படிக்கவே பிடிக்கவில்லை என்றால் நூலை ஒரு மாதம் மூடி வைத்துவிட்டு ஜபத்தை மட்டும் செய்யுங்கள். எங்கள் குழுவில் அப்படி மூடி வைத்த இருவரும் திரும்பி வந்தார்கள். ஒருவர் நேராகக் கடோபநிஷத்தின் முதல் பக்கத்தைத் திறந்தார்.